வெண்கலக் குரல் சொன்ன என் யோசனை

மார்ச் 3, செவ்வாய்

வாராந்தரக் கூட்டம். குறிப்பெடுப்பது வழக்கம்போல் நான். எழுதுகிறவள் பேச வேண்டியதில்லை என்பதால் நானே கேட்டு வாங்கிய வேலை இது.

ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள் ஏன் தாமதமாகப் போகிறார்கள் என்று மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். புகார்களை மாடல்வாரியாகப் பிரிக்கிறோம். அதனால் ஒரே ஆள் ஊரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைகிறார். தெருவாரியாகப் பிரித்தால் தீர்ந்தது. பக்கத்தில் இருந்த சீனியரின் காதில் இதைச் சொன்னேன். (அவருக்கு நான் வைத்த பெயர் வெண்கலக் குரல்.) தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே அறை அதிரச் சொன்னார்.

"பிரமாதம்!" என்றார் மேனேஜர்.

நானும் எழுதினேன். யோசனை சொன்னவர்: அவர் பெயர். என் அழகான கையெழுத்தில். அடிக்கோடு வேறு.

மார்ச் 5, வியாழன்

தெருவாரித் திட்டத்துக்கு வெண்கலக் குரல்தான் பொறுப்பாம். என் தற்காலிக வேலை மாதக் கடைசியோடு முடிகிறது. "நல்லா எழுதறீங்கம்மா. வேற என்ன பண்றீங்க?" என்று மேனேஜர் கேட்டார். சிரித்து வைத்தேன். ஆதாரம் காட்டலாம் என்றால், இருக்கிற ஒரே ஆதாரம் எனக்கு எதிராக நானே எழுதியது.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவோடு அந்தப் படம், மறுபடியும். பள்ளிக்கூட நாளில் வசனம் முழுக்க மனப்பாடம். மில் குமாஸ்தாவான கதாநாயகி முதலாளிகள் கூட்டத்தில் மேஜையைத் தட்டி மூன்று நிமிடம் பேசி, ராஜினாமாவை வீசிவிட்டு வெளியேறுவாள். வீட்டில் யாரும் மிதிக்காத கல்லூரி வாசலை நான் மிதித்ததில் அவளுக்கும் பங்குண்டு.

இன்று தோன்றியதெல்லாம்: நோட்டீஸ் பீரியட் என்ன ஆயிற்று? அனுபவச் சான்றிதழ் யார் தருவார்கள்? ஜன்னலே இல்லாத அறையில் இவள் முடி எப்படிப் பறக்கிறது?

"வாயை மூடிட்டுப் பாருடி" என்றாள் அக்கா.

அப்போதுதான் கவனித்தேன். படத்தில் அந்தக் கூட்டத்தின் மூலையில் ஒரு பெண், மடியில் நோட்டு, குனிந்த தலை. ஒரு நொடிதான். வசனம் கிடையாது.

"அக்கா, நான் இவதான்."

"இதுக்கா காலேஜ் போனே? நான் தையல் மெஷின்கிட்டயே இதைவிட அதிகம் பேசறேன்."

நடந்ததைச் சொன்னேன். படத்தை நிறுத்திவிட்டாள்.

"திருடன்கூட பூட்டை உடைக்கணும்டி. நீ கதவைத் திறந்து வெச்சு, ரசீதும் எழுதிக் குடுத்திருக்கே!"

மார்ச் 9

தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 10, செவ்வாய்

"ஒரே தெருவுல நாலு மாடல் இருந்தா உதிரி பாகத்துக்கு என்ன பண்றது?" என்று மேனேஜர் கேட்டார்.

வெண்கலக் குரல் என் பக்கம் சாய்ந்தார். "சீக்கிரம் சொல்லும்மா."

பழக்கதோஷம் — என் வாய் அவர் காதுவரை போய்விட்டது. பிறகு நிமிர்ந்தேன்.

"சார், முந்தின நாள் சாயங்காலமே பட்டியல் போட்டு, பையில எடுத்து வெச்சுடலாம். அப்புறம்... இந்த யோசனை என்னோடது சார். போன வாரம் நான்தான் தப்பா எழுதிட்டேன்."

குரல் கீச்சென்றது. முடி பறக்கவில்லை. கைதட்டலும் இல்லை, யாரோ பிஸ்கட் கடித்தார்கள்.

"இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?" என்றார் மேனேஜர்.

 

"எல்லாம் டீம் வொர்க்தானே சார்" என்றார் வெண்கலக் குரல், முதல் தடவையாக மெல்லிய குரலில்.

மார்ச் 11

அக்கா: "மேஜையைத் தட்டினியா?"

நான்: "பேனா கீழ விழுந்தது."

ஏப்ரல் 2, வியாழன்

தெருவாரித் திட்டத்தின் முதல் நாள். பட்டியல் போடுவதற்காக என் வேலையை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்கள். ஒரு தெரு இரண்டு ஆட்களின் பட்டியலிலும் விழுந்துவிட்டது. ஒரே ஃப்ரிட்ஜின் முன்னால் இரண்டு மெக்கானிக்குகள், இரண்டு பைகளோடு. அந்த வீட்டம்மா போன் போட்டு, "மூணாவது ஆளும் வருவாரா? டீ போடணும்" என்று கேட்டாராம்.

மேனேஜர் அறையைவிட்டு வெளியே வந்து கத்தினார்: "யாரு போட்ட பட்டியல் இது?"

வெண்கலக் குரல் கணீரென்று, "எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்றார்.

எழுந்து நின்று, "நான்தான் சார்" என்றேன். கடைசி மேஜை வரை கேட்டிருக்கும்.