எவடம் எண்டு கேட்டால்

ஒக்டோபர் 13, ஞாயிறு

இன்று நான் என் ஊர் கண்டல்முனை என்று சொல்லவில்லை.

நான் கட்டப்போகும் உமாசுதனின் அம்மா பிளேன்ரீ தந்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை ஊரிலை எவடம்?" எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு கேள்வி போதும். மீதியை, சாதி வரைக்கும், தாங்களே கணித்துவிடுவார்கள்.

"யாழ்ப்பாணம் டவுன், அன்ரி." வாசலில் வைத்து உமாசுதன் சொல்லித் தந்த பதில்.

"அம்மா என்ன செய்யிறா?"

"வீட்டிலைதான்."

அம்மா இந்நேரம் நண்டுக் கம்பனியில் ஓடு உடைத்துக்கொண்டிருப்பாள்.

ஒக்டோபர் 15

இத்தாலியிலும் தண்ணீர்ப் பஞ்சம். பலேர்மோவில் இப்போது முறை வைத்துத்தான் தண்ணீர். நான் வேலை செய்யும் மொண்டெல்லோ வீட்டில் குழாய் வறண்டதும் வீட்டுக்காரி சின்யோரா அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எங்கள் கண்டல்முனைத் தீவில் கிணறெல்லாம் உப்பு. கடல் கொந்தளித்தால் குடிநீர் ஏற்றிவரும் படகு வராது. ரீச்சரும் அதே படகில்தான் வரவேண்டும். அந்த நாட்களில் பள்ளி அலுமாரியைத் திறந்து, பனி பெய்யும் தேசங்களின் கதைகளை நாக்கு வறள வாசித்தவள் நான்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

பிடிபட்டுவிட்டேன்.

அன்ரி தேநீர் போடச் சொன்னார். வாளித் தண்ணீரைக் கேத்திலில் ஊற்றுமுன் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு நக்கிப் பார்த்தேன், உப்பா என்று. கை தானாகச் செய்தது.

"டவுன் பிள்ளையள் தண்ணியை நக்கிப் பாக்கிறேல்லை," என்று சிரித்தார். "தீவுப் பக்கமோ? சொல்லன்."

உமாசுதன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேத்திலை அடுப்பிலை வைச்சன். ஏன் — ஊர்ப்பேர் ஏன் வரேல்லை எனக்கு?

ஒக்டோபர் 21

அவன் போன் எடுக்கவில்லை.

ஒக்டோபர் 23

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தான். "கொம்மா செத்திட்டா எண்டு சொல்லுவம். பிறகு ஒருத்தரும் விசாரிக்க மாட்டினம். கலியாணம் முடியட்டும்."

அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவனை விட்டால் இஞ்சை எனக்கு ஆர் இருக்கினம்? விடாட்டி, அம்மாவோடை எந்த வாயாலை கதைப்பன்?

ஒக்டோபர் 27, ஞாயிறு

கதவடியிலேயே சொன்னேன். "கண்டல்முனை, அன்ரி. அம்மா நண்டு உடைக்கிறா. உயிரோடை இருக்கிறா."

அன்ரி உள்ளே வரச் சொல்லவில்லை. உமாசுதன் உள்ளேதான் இருந்தான்.

நவம்பர் 24

அம்மா போனில் கேட்டாள்: "பெடியன்ரை ஆக்கள் என்னைப் பற்றி ஏதும் கேட்டவையோ?"

"ஓம். என்ன வேலை எண்டு கேட்டவை. சொன்னனான்."

 "ஏன் பிள்ளை சொன்னனீ?"

உமாசுதனுக்குத் தை மாதம் கலியாணம். பெண் டவுனாம்.