வண்டி நிற்காத தெரு

அக்கா,

பெரியவன் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது. கல்லூரிக்கே வந்து பேட்டி எடுத்து, படிப்பு முடியும் முன்னாலேயே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். அவன் தங்கை பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது, கணக்கில் நூற்றுக்கு நூறு. என் மகள் வீட்டுப் பெண், நீ நண்டு என்று கூப்பிடுவாயே, அவள் நீச்சலில் ஜில்லா அளவில் வெள்ளி மெடல் வாங்கியிருக்கிறாள். அவள் தம்பி மட்டும் இன்னும் எதுவும் வாங்கவில்லை. ஆண்டு விழாவில் மேடை ஏறிப் பயப்படாமல் நாலு வார்த்தை பேசினான். அதையும் நான் சேர்த்துத்தான் சொல்லுவேன்.

நீ இருந்திருந்தால் இவ்வளவு தூரம் என்னைப் பேச விட்டிருக்க மாட்டாய். "போதும்மே, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கோ, என் பேத்தியப் பத்தி எப்பச் சொல்றது" என்று நடுவில் புகுந்திருப்பாய்.

வேலை கிடைத்த சந்தோஷத்தில் பேரன் மைசூர்பாகு வாங்கி வந்தான். பெட்டியைத் திறந்ததும் சூட்டோடு நெய் வாசனை எழுந்தது. என் கை தானாக இரண்டு துண்டை எடுத்து டிபன் டப்பாவில் போட்டு மூடியது. "அது யாருக்கு அத்தை?" என்று மருமகள் கேட்டாள். சர்க்கரை வியாதிக்காரியான உனக்கு, உன் மருமகளின் கண்ணில் படாமல் இனிப்பு கொண்டுவந்து தருவது இத்தனை வருஷமாக என் வேலையாக இருந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஐந்தாவதோடு நின்றவளின் எழுத்து. பேத்தி இதை டைப் அடித்து நம் நகர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன் என்றிருக்கிறாள். புதிதாகக் குடிவந்தவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகவும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், பயிர் வைப்பதை நிறுத்திவிட்ட நிலம் இது. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து நம்மைக் கூட்டி வந்து காட்டினார்கள். தலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களும், கயிற்றில் கட்டிய கலர் கொடிகளும்தான் அன்றைக்கு நம் நகர். நான் திருநின்றவூர் வாடகை வீட்டிலிருந்து வந்தேன், நீ சேக்காட்டில் ஒரு சந்திலிருந்து. மனை விற்கிறவர் கார்மேல் பிளானை விரித்து, இங்கே பார்க், இங்கே பள்ளிக்கூடம், இங்கே கடைகள் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆண்கள் எல்லோரும் ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். நீ கேட்டது வேறு. "ரோட்ல ஒரே சமயத்துல ரெண்டு வண்டி போவுமா?" லாரியே இரண்டு போகும் என்று அவர் சிரித்தார். அந்த ஒரு பதிலுக்காக நீ மனை வாங்கினாய். அது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

முதல் வீடு உன்னுடையது. அடுத்தது நான்கு தெரு தள்ளி என்னுடையது. மழைக்காலத்தில் இந்த நகர் மொத்தமும் சேறு. உன் வீட்டுக்காரர் ஆவடிக்கும் என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் வேலைக்குப் போக வேண்டும். ஷூவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய செருப்போடு மெயின் ரோடு வரை நடப்பார்கள். அங்கே டீக்கடையில் காலைக் கழுவி, ஷூவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சேற்றுச் செருப்புகள் சாயங்காலம்வரை கடை ஓரத்தில் வரிசையாகக் கிடக்கும். நம் நகரில் எத்தனை குடும்பம் வந்துவிட்டது என்று தெரிய அந்தச் செருப்புகளைப் பார்த்தால் போதும். ஒவ்வொரு மழைக்கும் வரிசை நீண்டுகொண்டே போனது.

தார் ரோடு போட்ட அன்று நீ வெறுங்காலோடு இறங்கி நடந்து பார்த்தாய். சூடு பொறுக்காமல் புடவையைத் தூக்கிக்கொண்டு நீ ஓடி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு அந்த ரோடு உனக்குச் சொந்தப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. வீடு கட்டுகிறவன் ஒரு கூடை மணலை ரோட்டில் கொட்டினால் நீ வாசலில் நிற்பாய். "ரோடு இன்னா உங்க ஊட்டுக் கொல்லையா? காலைல வேலைக்குப் போறவன் பறந்தா போவான்?" மேஸ்திரிகள் உன் தலையைக் கண்டாலே மண்வெட்டியைத் தேடுவார்கள்.

பிறகு கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் வந்தார்கள். ஒற்றை மாடிகள் இடிந்து, லிப்ட் வைத்த வீடுகள் எழுந்தன. சுற்றுச்சுவர் வந்தது, கேட் வந்தது, கார்க் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் வந்தது. காலையில் வீட்டுக்கு வீடு கதவு திறந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். அவை போய்விட்டால் மிச்சம் இருப்பது நம்மைப் போன்ற கிழங்களும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களும், பூவரச மரத்துக் காக்காய்களும்தான். நாம் இருவரும் பார்க் பெஞ்சில் உட்கார்ந்து பேரன் பேத்திகளை வைத்துச் சண்டை போடுவோம்.

அப்போதுதான் குறுக்குத் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். அவர் வீட்டார் ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். நம் நகரில் அதுவரை அதுதான் வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது என்று நீயும் நானும் எத்தனை வீட்டுக்குக் காப்பி போட்டுத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அன்றைக்குப் பந்தலுக்கு உள்ளே அழுகை, வெளியே ஹாரன். கார்க்காரர் ஒருவருக்கும் இறந்தவரின் மகனுக்கும் கைகலப்பே வந்துவிட்டது. நகர் குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது.

ஏசி ஹாலில் ஆளாளுக்கு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தபோது நீ எழுந்தாய். "செத்தவங்களுக்கு இனிமே அவசரம் இல்ல. போறவங்களுக்குத்தான் அவசரம் கீது. ரோட்ட அடைக்கக் கூடாதுன்னு எழுதிக்கோங்க." ஹால் மொத்தமும் கை தட்டியது. ரோட்டில் பந்தல் கூடாது, ஊர்வலம் கூடாது, காலை நேரத்தில் உடலைக் கொண்டுவரும் ஆம்புலன்ஸ் கேட்டுக்கு உட்புறம் செக்யூரிட்டி அறைப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று விதி ஆனது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வரும் வழியில் உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ அப்போதுதான் சேக்காட்டுக் கதையைச் சொன்னாய். உன் மகளுக்குப் பெரிய பரீட்சை நடந்த காலையில் அந்தச் சந்தில் ஒரு சாவு. சேர், பந்தல், மேளம், கூட்டம். பெண் சுவரோரமாக நெருக்கியடித்து வெளியே வருவதற்குள் மணி அடித்துவிட்டது. நர்ஸ் படிக்க ஆசைப்பட்டவளுக்கு அந்தப் பரீட்சையில் மார்க் போயிற்று, படிப்பும் போயிற்று. "அன்னிக்குச் செத்தவங்க மேல எனக்குக் கோவம் வந்துச்சும்மே. செத்தவங்க மேல கோவப்படலாமா? ஆனா வந்துச்சே." நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

"சரி, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னாத்துக்குப் பந்தலு? வண்டியிலயே வெச்சி எடுத்துக்கினு போவட்டும். நீ மட்டும் வந்து மூஞ்சிய ஒரு பார்வ பாத்துட்டுப் போ. அது போதும்."

வருகிறேன் என்றேன்.

உன்னை ஐசியூவில் வைத்திருந்தபோது வீட்டார் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. விடியற்காலை உன் மகன் எனக்கு போன் செய்தான். அழுதுகொண்டே சொன்னான்: "சித்தி, ஊட்டுக்கு எடுத்துக்கினு வர முடியாது. அம்மா சொல்லிப் போட்ட ரூல். நானே மீறக் கூடாதில்ல? கேட்டாண்ட கொஞ்ச நேரம் வெக்கிறோம், வந்துடுங்க."

திங்கட்கிழமை. பேரன் காரை எடுத்தான். எங்கள் தெருமுனையிலேயே கார்கள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொன்றாக ஸ்டிக்கரைக் காட்டி, கம்பி தூக்கி, வெளியே போய்க்கொண்டிருந்தன. எங்கள் கார் ஊர்ந்தது. பொறுக்காமல் கதவைத் திறந்து இறங்கினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு நடந்தேன் அக்கா. கேட் தெரிகிற இடத்துக்கு வந்தபோது, பின்னால் ஸ்கூல் வேன் நெருக்குகிறது என்று ஆம்புலன்ஸை எடுத்துவிட்டார்கள். சத்தமில்லாமல் சுற்றும் சிவப்பு விளக்கையும், வெள்ளைக் கதவின் முதுகையும்தான் பார்த்தேன். செக்யூரிட்டி வைத்த சல்யூட்டை இன்னும் இறக்கவில்லை. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் நமக்கு இல்லை. நான் அங்கேயே, பூந்தொட்டி ஓரமாக நின்றேன்.

ஒரு வண்டிகூட உனக்காக நிற்கவில்லை. ஒருத்தர்கூட ஆபீசுக்குத் தாமதமாகப் போகவில்லை. நீ சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. அதற்காக நான் உன்மேல் பட்ட கோபம் இருக்கிறதே, அது இன்னும் தீரவில்லை. செத்தவர்கள்மேல் கோபப்படலாமா என்று நீ கேட்டாய். வருகிறதே அக்கா.

உன் காரியம் முடிந்த பிறகு வந்த சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து, ஆம்புலன்ஸ் அவரவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரமாவது நிற்கட்டுமே என்று கேட்டேன். செயலாளர் நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னார்: "ஆன்ட்டி, இந்த ரூலையே கொண்டுவந்தது உங்க ஃப்ரெண்டுதானே?" உனக்கு எதிராக அந்த ஹாலில் எனக்கு என்ன பேச்சு வரும்? உட்கார்ந்துவிட்டேன்.

குரூப்பில் உன் படத்தைப் போட்டிருக்கிறார்கள். கீழே கும்பிடு கும்பிடாக வந்து விழுந்திருக்கிறது. அந்தப் படத்தில் உன்னைச் சிவப்பாக்கி, சுருக்கத்தையெல்லாம் தேய்த்து, மூக்கோரத்து மருவையும் எடுத்துவிட்டார்கள். பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி வேறு. பார்த்தால் யாரோ பணக்கார வீட்டு அம்மாள்.

உன் மகளும் இந்தக் குரூப்பில் இருக்கிறாள், படிப்பாள். அவளிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் போனில் தேடிப் பாரம்மா. அம்மா கறுப்பாக, மருவோடு, முன்பல் இல்லாமல் சிரிக்கிற படம் ஒன்று இருக்கும். கடைசி நாளில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. தேய்க்காமல், வெளுக்காமல் அதை அப்படியே போடு. ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.