விதைத்துவிட்டுச் சந்தேகப்படு

காலையிலிருந்து தும்மிக்கொண்டிருக்கிறேன். என் வயலில் புழுதி உழவு ஓடுகிறது. டிராக்டர் ஒரு சுற்று வந்து திரும்பும்போதெல்லாம் மண் கிளம்பி, ரோட்டைத் தாண்டி, கொடியில் காயும் புடவையில் படிந்து, வீட்டுக்குள் சோற்றுப் பானை மூடி வரைக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. காய்ந்த மண்ணின் அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதுமே நீ நினைவில் வந்துவிட்டாய். இந்த வாசனை அடிக்கும் நாளில் உன்னை வீட்டில் பார்க்க முடியாது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று டிரைவரைப் படுத்தி எடுப்பாய். "மூலைய விட்டுட்டுப் போறியே தம்பி, அதுவும் எங்க நெலந்தான்!"

உழவு இன்றைக்கு முடிந்துவிடும். நாளைக்கு விதை தெளிக்க வேண்டும். விதை நெல் சாமி அலமாரிக்குக் கீழே தயாராக இருக்கிறது. தெளிப்பதா, கொஞ்சம் பொறுப்பதா என்று மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஊரில் வேறு யாரும் இன்னும் உழக்கூட இல்லை. வேறு யாரிடம் இதைக் கேட்பது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ போன பிறகு சட்டசபைத் தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. வந்திருப்பவர்களுக்கு நீ ஓட்டுப் போட்டிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். நானும் போடவில்லை. ஆனால் ஊர் முடிவு வேறாக இருந்தது, வந்துவிட்டார்கள். மந்திரிகளில் பாதிப் பேர் புது முகம். சட்டசபையை முன்பின் பார்க்காதவர்கள். பதவிக்கு வந்து இன்னும் ஒரு மகசூல்கூட முடியவில்லை, அதற்குள் டீக்கடை டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு கேட்பது ஒரே கேள்விதான்: இந்த அரசு தாங்குமா? ஒருவர் தாங்காது என்கிறார். இன்னொருவர் தாங்கவே தாங்காது என்கிறார். கடைமடை வரை தண்ணீர் கொடுப்போம் என்று இவர்களும் சொல்லியிருக்கிறார்கள். மேட்டூர் திறந்தாயிற்று, கல்லணையும் திறந்தாயிற்று. நம் வாய்க்காலில் இன்னும் கருவேலங்காய்தான் உருண்டு கிடக்கிறது.

முற்பகலில் டிரைவருக்கு டீ வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கலியபெருமாள் அண்ணன் பெஞ்சில் இருந்தார். அவர் வயல் வாய்க்கால் தலைப்பில் இருக்கிறது, நம்முடையது கடைசியில். ஆட்டுப்பட்டியும் அவருக்குத்தான் பெரிசு. டிவியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "தை வரைக்கும் இவங்க நிக்கிறாங்களான்னு பாரும்மா. இவங்கள நம்பி வெதச்சா எலிக்குத்தான் விருந்து."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவரும் அதே பெஞ்சில் இருந்தவர்களும்தான் உன்னைப் பற்றியும் பேசினார்கள். நீ பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்து வந்த வாரம் அது. "ஆறு மாசம் தாண்டாது. அதுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். மத்ததெல்லாம் வீட்டுக்காரன்தான் பாக்கணும்."

உன் வீட்டுக்காரர் நல்ல மனுஷன். யாராவது தெருவிளக்கு எரியவில்லை என்று அவரிடம் வந்தால், வேன் கதவைத் துடைத்துக்கொண்டே, "நான் வேன் ஓட்டறவங்க. தலைவர் உள்ள மீன் கழுவிக்கிட்டு இருக்காங்க, கூப்பிடட்டுங்களா?" என்பார். நம் இரண்டு பேர் வீட்டிலும் அம்மாமார்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு நம்மைப் படிக்க வைத்தவர்கள். நம் தெருவிலிருந்து ஒருத்தி போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை ஊர் பழகிக்கொள்ளவே ரொம்ப நாளாயிற்று. நீ அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷமும் இப்படித்தான். தண்ணீர் வருமா என்று தெரியாமல் எல்லாரும் வயலைக் காயப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நீயும் நானும் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பாசன அலுவலகத்தில் கேட்டோம். அங்கிருந்த பொறியாளர் கெட்டவர் இல்லை. இருந்ததைச் சொன்னார். "பயிரே இல்லாத வாய்க்காலுக்கு எப்படிம்மா தண்ணி கேப்பேன்? மேல கேட்டா நான் என்ன சொல்றது?" நாம் தண்ணீர் வந்தால் விதைக்கலாம் என்று இருந்தோம். அவர்கள் விதைத்தால் தண்ணீர் விடலாம் என்று இருந்தார்கள். நடுவில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

ஊரில் இறங்கியதும் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டச் சொன்னாய். "ஆடு மாடு எல்லாத்தையும் கட்டுங்க. புழுதியில வெதைக்கப் போறோம்."

ஊரே சிரித்தது. ஜெயித்து வந்து முதல் உத்தரவு ஆட்டுக்கா என்று கேட்டார்கள். சிரித்தவர்களுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. அறுவடைக்குப் பிறகு அவிழ்த்துவிட்ட ஆட்டையும் மாட்டையும் ஊர் மொத்தமும் சேர்ந்து கட்டினால்தான் நம் பக்கம் விதைப்பே உண்டு. புழுதியில் தெளித்த நெல் ஒரு மழைக்கு முளைத்துவிடும். பத்து பேர் தெளித்துப் பத்து பேர் தெளிக்காமல் விட்டால், முளைத்ததை மேய அவிழ்த்துவிட்ட ஆடு வந்து நிற்கும். ஒருத்தி மட்டும் விதைத்தால் அது ஆட்டுக்குப் போட்ட தீனி. அதனால்தான் ஒவ்வொருத்தரும் அடுத்தவர் விதைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சந்தேகப் பிராணி என்று உனக்குத் தெரியும். புடவை வாங்கினால் சாயம் போகுமா என்று கடையிலேயே எச்சில் தொட்டுப் பார்க்கிறவள். "தண்ணி வரலைன்னா உன்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவாங்கடி" என்றேன். நீ முறத்தில் விதையைப் புடைத்துக்கொண்டே சொன்னாய்: "சந்தேகப்படு, வேண்டாங்கல. வெதச்சுட்டுச் சந்தேகப்படு."

நீ தெளித்தாய். பக்கத்து வயல் என்பதால் நானும் தெளித்தேன். இன்னும் சிலர் பின்னால் வந்தார்கள். ஒரு மழை பெய்து பச்சை தலைகாட்டிய காலையில் கலியபெருமாள் அண்ணனின் ஆடுகள் உன் வயலில் இறங்கிவிட்டன. பஞ்சாயத்துப் பட்டியில் அடைத்து அபராதம் போடு என்று நான் கத்தினேன். நீ அத்தனையையும் ஓட்டிக்கொண்டு போய் உன் வீட்டு வாசலில் வரிசையாகக் கட்டினாய். பூவரசந்தழை ஒடித்துப் போட்டாய். தவிட்டுத் தண்ணீர் காட்டினாய். குட்டி ஒன்று காலை நொண்டியது என்று அதற்கு மஞ்சள் பற்றும் போட்டாய்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "என் ஆட்டப் புடிச்சு வைக்க ஒனக்கு என்ன அதிகாரம்?"

"கட்டச் சொன்னேன், நீங்க கட்டலண்ணே. அதான் நான் கட்டுனேன். வயிறு நெறையத் தின்னுருக்கு, பாருங்க. ஓட்டிக்கிட்டுப் போயி இதே மாதிரி ஒங்க வீட்டுல கட்டுங்க."

சண்டைக்கு வந்த மனுஷனுக்குச் சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் குட்டியின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் அவர் வயலில் உழவு ஓடியது. அதற்குப் பிறகு ஊர் தானாக வந்தது. நீ அந்தப் பொறியாளரை அழைத்து வந்து வரப்பில் நிறுத்தி, முளைத்து நின்ற பச்சையைக் காட்டினாய்.

தண்ணீர் வந்தது. ஆனால் தாமதமாக வந்தது, குறைவாக வந்தது. நடு வாய்க்கால் வரை பயிர் பிழைத்தது. கடைசியில் இருந்த சில வயல்கள் கருகிவிட்டன. அதில் உன்னுடையதும் என்னுடையதும் உண்டு. "தலைவர் வயல்லயே தண்ணி இல்ல, நாம எங்க போய்க் கேக்கிறது" என்று கடையில் உன் காதுபடவே சொன்னார்கள். நான் பதில் சொல்லப் போனேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "கேக்கட்டும்டி. கேக்கத்தானே ஓட்டுப் போட்டாங்க." வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீ அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இன்றைக்கு டிவியில் அந்தப் புது மந்திரிகளில் ஒருவர் நிருபர்கள் நடுவே மாட்டிக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி சரியான கேள்விதான். சொன்னதைச் செய்வாயா என்று கேட்காமல் பின்னே எதைக் கேட்பது? ஆனாலும் எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. அவரும் வீட்டுக்குப் போய் ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காருவாரோ என்னவோ. உன்னைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, புதிதாகப் பதவிக்கு வந்தவர் எவரையும் பார்த்து என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. நம்பவும் முழுதாக முடியவில்லை. அது என் பிறவிக் குணம்.

டிராக்டர் சத்தம் நின்றுவிட்டது. டிரைவர் கூப்பிடுகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

*

இடையில் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெளித்துவிட்டேன்.

கலியபெருமாள் அண்ணன் வரப்பில் வந்து நின்றார். முன்னைப் போல நடை இல்லை, கையில் கம்பு வந்துவிட்டது. "யாரைக் கேட்டு வெதைக்கிற?" என்றார்.

"யாரையும் கேக்கலண்ணே. ஆட்டைக் கட்டுங்க."

"இந்த கவர்மெண்ட்டு நிக்கும்னு ஒனக்கு அவ்வளவு நம்பிக்கையா?"

"இல்லண்ணே. நிக்குமோ நிக்காதோ, வெதைக்கிற பட்டம் நமக்காக நிக்காதுல்ல?"

அவர் மண்ணில் கம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். "அது இருந்திருந்தா இந்நேரம் ஆட்டோவுல கத்தியிருக்கும்" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. போகும்போது திரும்பி, "கட்டுறேன். தண்ணி வரலைன்னா ஒன்னத்தான் கேப்பேன்" என்றார். கேளுங்க என்றேன். அவர் ஆடு கட்டினார் என்றதும் இன்னும் சிலர் உழுதுவிட்டார்கள். எல்லாரும் இல்லை.

ஒரு மழை பெய்தது. முளைத்துவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், செய்யத்தான் கால் வரவில்லை. பதவிக்காலம் முடிந்த கையோடு நீ நோயில் படுத்தாய், போயும்விட்டாய். அதற்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தலும் நடக்கவில்லை. போய்க் கேட்க ஊருக்குத் தலைவர் இல்லை. இன்றைக்குக் காலை எழுந்து குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, நானே பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் வேறு பொறியாளர், சின்ன வயசு. நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரும்மா? ஊர்த் தலைவரா?" என்றார்.

அந்த மேஜைக்கு முன்னால் எப்போதும் பேசியது நீ. நான் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பேன்.

"தலைவர் இல்லீங்க சார். கடைமடையில வெதச்சிருக்கேன். மொளச்சிருக்கு. எங்களுக்குத் தண்ணி எப்ப விடுவீங்க?"

"புது கவர்மெண்ட்டும்மா. யாரு என்ன சொல்வாங்கன்னு எங்களுக்கே இன்னும் புரியல" என்றார் அவர், உண்மையிலேயே பாவமாக.

"சரிங்க சார். அவங்களும் பழகணும்ல. பழகுற வரைக்கும் திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை நான் வந்து கேக்குறேன்."

அவர் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, எந்த வாய்க்கால், எவ்வளவு பச்சை, எந்த மதகு துருப்பிடித்துக் கிடக்கிறது என்று எல்லாம் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை வருஷம் உன்னோடு போனேனே, ஒரு நாளாவது நான் பேசுகிறேன் என்று சொல்லத் தோன்றவில்லை. நீ பேசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இனி அங்கே நான்தான் பேச வேண்டும், என் தங்கமே. நீ இல்லை.