யானைக்காக நீ தேர்ந்த தடிக்கோடு

என் அருமை மாப்ளே செல்வத்துக்கு,

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. உன்னை இழந்து வீட்டிலேயே முடங்கிக் கிடந்த தங்கச்சி இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கிறாள். உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அதில் என் குற்றமும் இருக்கிறது.

நம் கால்நடை ஆஸ்பத்திரியின் மயக்க ஊசித் துப்பாக்கிக்குக் குறிபார்க்கும் ஸ்கோப் வாங்கியபோது போட்ட சண்டை நினைவிருக்கிறதா? உள்ளே தெரியும் குறிக்கோடுகள் மயிரிழையாக இருக்க வேண்டும் என்றேன் நான். நீ விடவில்லை. "ஆனைத் தோலும் கருப்பு, கோடும் கருப்பு. மெல்லிசா இருந்தா எங்கன தெரியும் மச்சான்? ஓரமெல்லாம் தடிச்சு, நடுவுல மட்டும் மெலிஞ்சத வாங்குங்க."

"கண்ணு தெரியாதவனுக்குத்தான் அது மாப்ளே" என்று சிரித்தேன். கடைசியில் நீ சொன்னதையே வாங்கினோம்.

போன வாரம் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கோயில் கொடைவிழாவுக்கு வந்த யானை வெடிச் சத்தத்தில் மிரண்டு பருத்திக் காட்டுக்குள் ஓடிவிட்டது. பாகன் இசக்கி பம்புசெட்டு அறைக்குள் ஒளிந்திருந்தான். நான் போனபோது அது அந்தச் சுவரை நெற்றியால் முட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரய்யா, சுவரு விரியுது! சீக்கிரம் சுடுங்கய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினான்.

மழை பெய்த கரிசல் மண், கால் புதைந்தது. நாற்பது மீட்டருக்கு மேல் நெருங்க முடியவில்லை. அந்தத் தூரத்தில் ஊசி தாழும், கீழ்த் தடிக்கோட்டின் நுனியைக் குறியில் வைக்க வேண்டும் என்பது நீ சுட்டுப் பார்த்த கணக்கு. அப்படியே வைத்துச் சுட்டேன். ஊசி வயிற்றுக்கடியில் போய் மண்ணில் குத்தியது.

ஏன் தெரியுமா? உருவம் பெரிதாகத் தெரியட்டும் என்று ஸ்கோப்பின் வளையத்தைக் கடைசி வரை திருப்பியிருந்தேன். "வளையம் நாலுலயே இருக்கட்டும் மச்சான். திருப்புனா உருவம் பெருசாவும், கோடு அப்படியேதான் நிக்கும். நுனிக் கணக்கு தப்பிப்போவும்." எத்தனை முறை சொன்னாய்!

சுவரின் ஒரு மூலை சரிந்தது. இசக்கியின் குரல் நின்றுவிட்டது.

வேறு ஊசியை ஏற்றி, வளையத்தை நாலுக்குக் கொண்டுவந்தேன். வேப்பமர நிழலில் மெல்லிய நடுக்கோடு அந்தக் கருத்த உடம்பில் கரைந்துபோனது. தடித்த ஓரங்கள்தாம் தெரிந்தன. கீழ் நுனியைத் தொடையில் வைத்து மூச்சை அடக்கினேன். இந்த முறை தைத்தது.

மருந்து ஏறக் கால் மணி நேரமானது. யானை முட்டுவதை நிறுத்தித் தள்ளாடி நின்ற பிறகு, செங்கலை அகற்றி இசக்கியை இழுத்தோம். கால் ஒடிந்திருந்தது. கண் திறந்ததும், "எம்புள்ள வள்ளிக்கு ஒண்ணுமில்லையேய்யா?" என்றான். யானையைத்தான் கேட்டான்.

மறுநாள் எல்லோரும் பாராட்டினார்கள். "இந்த ஸ்கோப்பத் தேர்ந்தெடுத்தது யாரு?" என்று பெரிய அதிகாரி கேட்டார். "நான்தான் சார்" என்றேன். அந்தச் சொல் எப்படி என் வாயில் வந்தது மாப்ளே?

அது பத்திரிகையிலும் வந்துவிட்டது. தங்கச்சி படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமையெல்லாம் வெயில்ல நின்னு சுட்டுச் சுட்டுப் பாத்தது அவுகதான, அண்ணே."

திங்கட்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போகிறேன். "அன்னைக்குப் பொய் சொன்னேன் சார்" என்று சொல்லிவிட்டு உன் பெயரைச் சொல்வேன். அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன்.

உன்னிடம் தோற்றதில் வருத்தமில்லாத
உன் மச்சான்