உன் பேரில் நான் சொன்னது

உ

ஆரணி,
24-7-1983

சிரஞ்சீவி ஜெயவேலுக்கு,

அக்கா லீலாவின் ஆசீர்வாதம். மெட்ராஸில் குடிக்கிற தண்ணீருக்கே லாரி வருகிறது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். கடையில் இத்தனை வாயில்லா ஜீவன்களை வைத்துக்கொண்டு நீ எப்படிச் சமாளிக்கிறாயோ என்று கவலையாக இருக்கிறது. இங்கே நானும் உன் மாமாவும் சுகம். ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போய் உன் பேருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் கூட்டம், திரும்பும்போது நின்றுகொண்டேதான் வந்தோம்.

நீ குட்டிகளைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனதிலிருந்து ரோஸி சரியாகச் சாப்பிடுவதில்லை. நாய்க்கு ரெண்டு நாளில் மறந்துவிடும் என்று நீ சொன்னாய். மறந்த மாதிரி தெரியவில்லை. கூண்டின் மூலையில் விரித்திருந்த சாக்கைப் பிராண்டி, அதற்கு அடியில் மூக்கை விட்டுத் தேடுகிறது. பால் கட்டிக்கொண்டு மடி கல்லாக இருக்கிறது. வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்கிறேன். கையைக் கடிக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறது.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். போன கார்த்திகையில் ஒரு ஈற்று, இப்போது ஒன்று. நடுவில் அதற்கு உடம்பு தேறவே இல்லை. முதுகுப் பக்கம் முடி கொட்டி, சடை நாய் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். குட்டிகளும் தானாகத் தின்னப் பழகவில்லை. அதில் ரெண்டுக்கு வயிறு சரியில்லை என்று நீ கிளம்பும்போதே சொன்னேன். “பஸ் காத்து பட்டா சரியாப் பூடும்க்கா” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாய். சரியாகப் போயிற்றா? எழுதவும்.

உன் மாமாவுக்கு வேறு சங்கடம். அவர் நெய்து கொடுத்த ஒரு சேலை சிவப்பிரகாச முதலியார் கடையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. பாவோடு சேர்ந்து வெள்ளை முடியும் நெய்யப்பட்டிருக்கிறது. அரக்குச் சேலை, உடம்பு முழுக்க நாய் முடி. அதற்கும் அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. தறிக்கும் கூண்டுக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார். அம்மா போனபின் நம் வீட்டில் வளர்ந்த பிள்ளை நீ, பட்டணத்தில் சொந்தக் கடை வைத்திருக்கிறாய் என்று தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர் அவர்.

தை பிறக்கும்வரை ரோஸியை இணை சேர்க்க வேண்டாம். அடுத்த தடவை குட்டிகள் சோறு தின்னப் பழகியபிறகு கொண்டுபோ. இவ்வளவுதான் நான் கேட்பது. வேளைக்குச் சாப்பிடு.

உன் நலம் கோரும்,
அக்கா லீலா


உ

ஆரணி,
5-9-1983

அன்புத் தம்பி ஜெயவேலுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் பதில் கிடைத்தது. அதற்கு மறுபடியும் பதில் எழுதத் தாளை எடுத்த நேரத்தில் வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அதைப் பற்றித்தான் முதலில் எழுதவேண்டும்.

வந்தவர்கள் களம்பூர்க்காரர்கள். அவர் பேர் தசரதன், அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார். சம்சாரம் அபிதகுசாம்பாள். ஒரே பெண் ரேணுகா, மூன்றாம் வகுப்பு. அந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. உதடும் நகமும் நீலம் பாரித்து இருக்கிறது. நம் வாசலில் ஏறுவதற்கே இரண்டு தரம் உட்கார்ந்தாள்.

ஆடி மாதம் மெட்ராஸில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது உன் கடை வாசலில் நின்றிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளையாக உருண்ட குட்டியைப் பார்த்து அவள் சிரித்தாளாம். பெற்றவர்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்ததாம். களம்பூர் என்றதும் நீயும் சந்தோஷமாக, “எங்க அக்கா வீட்டுக் குட்டிங்க இது, ஆரணி பெரிய தெருவுல எங்க மாமா அருணகிரின்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க” என்று சொல்லியிருக்கிறாய். வாங்கிப்போய் பஞ்சு என்று பேர் வைத்திருக்கிறாள்.

வாரம் திரும்புவதற்குள் குட்டிக்கு ரத்தமாகக் கழிந்திருக்கிறது. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதுபோல் கடைக் குட்டிகள் நிறைய வருகின்றன, வரும்போதே வியாதியோடு வருகின்றன என்று அங்கே டாக்டர் சொன்னாராம். அவள் மடியிலேயே செத்துப்போயிருக்கிறது.

மறுபடி ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ் போனபோது தசரதன் உன் கடைக்கு வந்திருக்கிறார். சண்டை போட இல்லை. மற்றக் குட்டிகளுக்கும் அந்த வியாதி இருக்கப்போகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தாராம். வேறு ஆட்கள் வாங்க நின்றுகொண்டிருந்த நேரம். நீ சத்தமாக, “நாங்க நல்லாத்தான் குடுத்தோம் சார். சின்னப் பொண்ணு கையில குடுத்தா இப்படித்தான். கண்டதையும் ஊட்டி சாவடிச்சிருக்கும்” என்று சொன்னாயாம். ரேணுகா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறாள்.

நீ சொன்னது உனக்கு நினைவில்கூட இருக்காது, அவளுக்கு இருக்கிறது. அவள் பாலில் பிஸ்கட்டை நனைத்து அந்தக் குட்டிக்கு ஊட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் பாலைத் தொடுவதில்லை. சோறும் இறங்கவில்லை. ஆபரேஷனுக்கு உடம்பில் கொஞ்சமாவது சதை வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தசரதன் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? “எங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா. அது செத்ததுக்கு இவ காரணமில்லேன்னு அது பொறந்த வீட்டுல ஒருத்தர் சொன்னா போதும்” என்றார்.

சொன்னேன். அந்தக் குட்டிக்கு இங்கேயே வயிறு சரியில்லை என்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இதான் பஞ்சோட அம்மாவா? இன்னாத்துக்கு உள்ள போட்டு வெச்சிகினு கீறீங்க?” என்றாள். எழுந்துபோய்க் கூண்டைத் திறந்துவிட்டேன். ரோஸி மெதுவாக வந்து அவள் பாவாடையை மோந்தது. மோந்துகொண்டே இருந்தது. அங்கிருந்து நகரவில்லை. “அதுக்கு என்மேல கோவமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “நீங்க சும்மா சொல்றீங்க. கடை அண்ணன்தானே சொன்னாரு, நான்தான்னு” என்றாள்.

அவர்கள் போனபிறகு எனக்கும் உன் மாமாவுக்கும் வாக்குவாதம். வியாபாரம் என்றால் நாலு உருப்படி கெட்டுப்போகத்தான் செய்யும், அதற்காகக் கடையை மூட முடியுமா என்று அவர் கேட்டார். நூலும் நாயும் ஒன்றா என்று நான் கேட்டேன். எதிர்வீட்டுப் பொன்னம்மாள் வந்து, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் இந்த நாயெல்லாம், நமக்கெதுக்கு என்று ஒரு பேச்சுப் பேசினாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

நீ எழுதியிருந்ததை நான் யோசிக்காமல் இல்லை. கடை இல்லாவிட்டால் பங்களாக்காரர்கள் தங்களுக்குள்ளேயே குட்டி கொடுத்துக்கொள்வார்கள், ஒரு குமாஸ்தாவின் பிள்ளைக்கு இந்த மாதிரி நாய் எங்கே கிடைக்கும், நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் விற்பான் என்று எழுதியிருந்தாய். முதல் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. ரேணுகா உன் கடை வாசலில்தான் சிரித்தாள், அது நிஜம். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் குட்டி மட்டும்தான் தெரிகிறது. இந்தப் பக்கம் என் வீட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? தாயைக் காட்டி விற்க முடியாத குட்டியை எப்படித் தம்பி விற்பது?

அதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். நீ ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு வா. நான் உன்னைக் களம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நீ சொன்னதை நீயே போய் இல்லை என்று சொன்னால்தான் அவள் நம்புவாள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அக்கா லீலா


உ

ஆரணி,
20-11-1983

ஜெயவேலுக்கு,

அக்கா எழுதுகிறேன். தீபாவளிக்கு நீ அனுப்பிய துணிமணிகள் வந்தன. அவற்றை இன்னும் பிரிக்கவில்லை. மழை விடாமல் பெய்கிறது. கமண்டல நதியில் தண்ணீர் ஓடுகிறது.

நீ வரவில்லை. பண்டிகைச் சமயம், கடையை விட்டு நகர முடியாது என்று எழுதினாய். ஒரு கிராக்கியிடம் தப்பை ஒப்புக்கொண்டால் கடையின் பேரே போய்விடும் என்றும் எழுதினாய். பஸ் கண்டக்டர் கையில் ஒரு புதுக் குட்டியைக் கொடுத்து அனுப்பி, அந்தப் பெண்ணிடம் சேர்த்துவிடச் சொன்னாய். நீ நல்ல மனசோடுதான் செய்தாய், அக்காவுக்குத் தெரியும். கொண்டுபோனேன். அவள் கூடைக்குள் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “இதுவும் செத்துடும். எட்துகினு போங்க” என்றாள். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இங்கே ரோஸியோடுதான் இருக்கிறது. அது பெற்ற குட்டி இல்லை, ஆனாலும் நக்கி நக்கிப் பார்த்துக்கொள்கிறது.

ஐப்பசிக் கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் நான் போய்ப் பார்த்தேன். கை இரண்டும் குச்சியாக இருந்தன. உன்னைக் கூட்டி வருவேன் என்று முன்பே சொல்லியிருந்ததால், என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “கடை அண்ணன் வர்லியா?” என்றாள்.

ஜெயவேலு, நான் பொய் சொன்னேன். உன் பேரில் சொன்னேன்.

“அண்ணனுக்கு ஜுரம், எழுந்திருக்க முடியல. என்கிட்ட சொல்லி அனுப்பிச்சான். குட்டிக்கு அங்கேயே நோவு இருந்துச்சி, தெரிஞ்சும் வித்தது நான்தான், பாப்பா மேல ஒரு தப்பும் இல்லேன்னு சொல்லச் சொன்னான்” என்றேன். அபிதகுசாம்பாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

“அழுதாரா?” என்று கேட்டாள் குழந்தை.

அழுதான் என்றேன்.

“பாவம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் பால் கேட்டாள். அரை டம்ளர் குடித்தாள். அவள் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்று அழுததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தார்கள், அவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை. பிறவியிலேயே பலமில்லாத இதயம், உடம்பிலும் தெம்பில்லை. அவள் திரும்பி வரவில்லை.

நானும் உன் மாமாவும் களம்பூருக்குப் போனோம். சின்னப் பொட்டலம் மாதிரி இருந்தாள், ஜெயவேலு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழையில் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்தபிறகு தசரதன் உன் மாமா கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க மச்சான் சொல்லி அனுப்பிச்சது பெரிய காரியங்க. இல்லேன்னா அதை மனசுல வெச்சிகினே போயிருப்பா. ஜுரம் தேவலையானதும் நானே வந்து பார்க்கறேன்னு சொல்லுங்க” என்றார். அவருக்கு உன்மேல் அவ்வளவு நன்றி. அந்த நன்றி உனக்கு வந்தது. அதை என்னிடமே வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை, அதனால் எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் கூண்டைப் பிரித்துப்போட்டார். கம்பியும் பலகையும் கொல்லையில் நனைந்துகொண்டு கிடக்கின்றன. இனி இந்த வீட்டிலிருந்து குட்டி வராது. இதை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அவருக்கு உன்மேல் கோபம் என்று நினைக்காதே. தபால்காரர் வரும் நேரத்தில் தறியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து நின்றுவிட்டுப் போகிறார்.

கடையை மூடு என்று நான் எழுதமாட்டேன். நீ வளர்ந்தவன், உன் பிழைப்பு உனக்குத் தெரியும். ஆனால் தசரதன் ஒரு நாள் கட்டாயம் உன் கடை வாசலில் வந்து நிற்பார். கையெடுத்துக் கும்பிடுவார். அப்போது நீ அவருக்கு என்ன முகத்தைக் காட்டுவாய்? அவர் வருவதற்குமுன் நீ களம்பூருக்கு வந்துவிடு. தனியாக வர மனமில்லை என்றால் முதலில் இங்கே வா. ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இலை போடுகிறேன். சாப்பிட்டுவிட்டு இரண்டு பேருமாகப் போகலாம்.

தம்பி, நீ அழுதாய் என்று அந்தக் குழந்தையிடம் சொல்லியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதே.

நீ நன்றாயிருக்கவேண்டும் என்று படவேட்டு அம்மனைத் தினமும் வேண்டிக்கொள்ளும்,
உன் அக்கா
லீலா