கதவில்லாத ஜீப்பை விக்கிறதா இல்ல

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதறது.

இங்க நான் சுகம், அப்பா சுகம், ஜீப் எங்க ரெண்டு பேரையும்விட சுகம். அங்க நீயும் மருமகளும் வாலுக்குட்டியும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும், எனக்கு அது போதும். கையில போன் இருக்கும்போது இந்த அம்மா எதுக்குப் பேப்பரும் பேனாவுமா உக்காந்திருக்கான்னு நினைப்ப. போன்ல பேசினா நீ குறுக்க பேசுவ, அம்மா ஒரு நிமிஷம், அம்மா ஒரு நிமிஷம்னு சொல்லிச் சொல்லியே நான் சொல்ல வந்ததை மறக்கடிச்சிடுவ. பேப்பர்ல அந்த வேலை நடக்காது. முழுசாப் படி, அப்புறம் கோபப்படு. முதல் விஷயம், நீ அனுப்பின ஹோட்டல்காரர் வந்தாரு, ஜீப்பைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு, நான் ஒரு டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டேன். ஜீப்பை விக்கிறதா இல்ல. இதுல மறு பேச்சே கிடையாது.

நீ நல்ல எண்ணத்துலதான் சொன்ன, அது எனக்குத் தெரியாம இல்ல. அப்பாவுக்குக் கண் மங்கிப்போச்சு, இனிமே ஓட்ட முடியாது, அது ஷெட்டுல கிடந்து துருப்பிடிக்கும், வித்துட்டு கதவு வச்ச, ஏசி போட்ட சின்னக் காரா ஒண்ணு வாங்கிடலாம், வேணும்போது ஒரு டிரைவரைக் கூப்பிட்டுக்கலாம்னு சொன்ன. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உனக்குப் பாதி விஷயம்தான் தெரியும். எனக்கே போன மாசம்தான் முழுசாத் தெரிஞ்சுது, அதுவும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு. ஜீப்புக்குத் தகுதிச் சோதனை வந்துச்சு. உங்கப்பாவால ஓட்ட முடியல, சரி, கூடவே இருக்கேனே, இத்தனை வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினவ, நீயே அந்த வேன்ல முன் சீட்டுக்கு அடம்பிடிச்சவன்தானே, என்கிட்ட சாவியைக் கொடுக்கலாம்ல? மாட்டாரு. பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கொடுத்தாரு. ஊரான் கையில சாவி, பொண்டாட்டி கையில துடைக்கிற துணி. நான் பின் சீட்டுல உக்காந்துகிட்டுப் போனேன். அங்க இன்ஸ்பெக்டர் பிரேக்கை மிதிங்கன்னாரு, மெக்கானிக் மிதிச்சாரு, பின்னால லைட் எரியல. மறுபடி மிதிச்சாரு, எரியல. ஹெட்லைட்டாவது போடுங்கன்னாரு, அதுவும் இல்ல. இன்ஸ்பெக்டர் சரி பண்ணிக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டு அடுத்த லாரிக்குப் போயிட்டாரு. அப்பா முகம் சுண்டிப்போச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குள்ள புகுந்தாரு பாரு, சாப்பாடு தண்ணி இல்ல. பல்பை மாத்தினோம். பேட்டரியைக் கழட்டித் துடைச்சோம். ஒயரை ஒவ்வொண்ணா உருவி மறுபடி சுத்தினோம், நான் டார்ச் பிடிச்சுப் பிடிச்சுக் கை விட்டுப்போச்சு. ஸ்விட்ச் சரியா இருக்கான்னு நான் கேட்டேன். அதெல்லாம் சரியாத்தான் இருக்கு, நானே பார்த்தேன், எனக்குத் தெரியாதா என் வண்டியைன்னு எரிஞ்சு விழுந்தாரு. உனக்கு அந்த ஸ்விட்ச் ஞாபகம் இருக்கான்னு தெரியல. நம்ம ஜீப் பட்டாளத்துல ஓடின வண்டி, அதுக்கு லைட் ஸ்விட்ச் நம்ம வீட்டு ஸ்விட்ச் மாதிரி இல்ல, மேல ஒரு சின்னப் பிடியைத் தூக்கிப் பிடிச்சாத்தான் கீழ இருக்கிற பெரிய பிடி நகரும். வலப்பக்கம் தள்ளினா எல்லா லைட்டும் எரியும். இடப்பக்கம் தள்ளினா போர்க்கால இருட்டு, பெரிய லைட் ஒண்ணும் எரியாது, எதிரி விமானத்துக்குத் தெரியக்கூடாதுன்னு பூனைக்கண் அளவுக்கு ஒரு மினுக்கு, அவ்வளவுதான், பட்டப்பகல்ல அது யார் கண்ணுக்கும் படாது. உங்கப்பா இருக்காரே, தபால் ஆபீஸ்ல முத்திரை குத்தினதைத் தவிர ஒரு ஆயுதமும் பிடிக்காதவரு, ஆனா ஷெட்டுல நிறுத்தும்போது மட்டும் நாளைக்கே யுத்தம் வரப்போற மாதிரி ஸ்விட்சை இடப்பக்கம் தள்ளி வச்சுட்டுத்தான் இறங்குவாரு. மெக்கானிக்குக்கு இந்தக் கூத்து எப்படித் தெரியும்? எனக்கு எரிச்சல் தாங்காம டார்ச்சை அந்த ஸ்விட்ச் மேல அடிச்சேன். பிடி இடப்பக்கம் நிக்குது. தகட்டுல எழுத்து இவ்வளவு பெருசா இருக்கு. உங்கப்பா மூக்குக்கு நேரே இருக்கு. இது எந்தப் பக்கம் இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கன்னேன். குனிஞ்சு பார்த்துட்டு, வலப்பக்கம்னாரு.

டேய், அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, அவருக்கு அந்த எழுத்தே தெரியல. இவர் வீட்டுக்குள்ள நடக்கும்போது ஒரு நாற்காலி மேல இடிக்க மாட்டாரு, கீழ கிடக்கிற ஸ்பேனரை மிதிக்க மாட்டாரு, அதனால லேசா மங்கல்தான் போலன்னு நானும் நினைச்சிருந்தேன். மறுநாளே இழுத்துகிட்டுப் போனேன் டாக்டர்கிட்ட. டாக்டர் படம் போட்டுக் காட்டிச் சொன்னாரு, கண்ணுக்குள்ள நடுப்பகுதி தேஞ்சுபோயிருக்கு, நேரா எதைப் பார்த்தாலும் அந்த இடத்துல ஒரு கறை, ஆனா ஓரப் பார்வை அப்படியே இருக்கு, அதை வச்சுத்தான் இத்தனை நாள் உங்களை ஏமாத்தியிருக்காருன்னாரு. ஊசி போட்டா இதுக்கு மேல மோசமாகாம பார்த்துக்கலாம், போனது போனதுதான். முதல் ஊசி போட்டாச்சு, அதுக்கு நீ கவலைப்படாத. இவர் என் முகத்தைப் பார்த்துச் சரி சரின்னு தலையாட்டினதெல்லாம் என் முகம் தெரியாமலேயே ஆட்டியிருக்காரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டு நல்லா அழுதேன். அப்புறம் முகம் கழுவிட்டு வந்து அவரை நல்லாத் திட்டினேன்.

அதுக்கப்புறம் மனுஷன் உக்காந்த இடத்துல உக்காந்தாரு. ஷெட் பக்கம் போறதில்ல. வண்டி பேச்சை எடுத்தாலே எனக்கு இனிமே எதுக்கு அதெல்லாம்னு சொல்லிச் சுவத்தைப் பார்க்கிறாரு. அந்த நேரம் பார்த்து நீ ஹோட்டல்காரரை அனுப்பி வைக்கிற. அந்த ஆளைக் குத்தம் சொல்ல மாட்டேன், மரியாதையாத்தான் பேசினாரு. என்ன பண்ணப்போறீங்கன்னு கேட்டேன். இன்ஜினை எடுத்துடுவோம், உள்ள ஒரு மேசை போட்டு ஹோட்டல் வாசல்ல நிறுத்துவோம், மஞ்சள் பெயின்ட் அடிச்சா குழந்தைங்க போட்டோ எடுத்துக்குமேன்னாரு. டேப் வச்சு நீளம் அகலம் அளந்தாரு. உங்கப்பா திரும்பிக்கூடப் பார்க்காம, சரி, எடுத்துட்டுப் போகச் சொல்லுங்கிறாரு. பட்டாளத்து ஏலத்துல எடுத்துட்டு வரும்போது அது வண்டியா அது? தரையைப் பொத்துகிட்டு நடுவுல செடி முளைச்சிருந்துச்சு. ஒவ்வொரு போல்ட்டா மண்ணெண்ணெயில ஊற வச்சுக் கழட்டி, கிடைக்காத சாமானை லேத்துப் பட்டறையில கடைஞ்சு, மேல் துணியை நான் என் கையால தைச்சு ஊசி ஏறாம ஏறாம விரல் பொத்தலாகி, இத்தனையும் மஞ்சள் பெயின்ட்டுக்கா? என் முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சதை அந்த ஆளே பார்த்திருப்பாரு. மன்னிச்சுக்குங்க, இது ஓடற வண்டி, நான் ஓட்டப்போறேன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும் நான் ஓட்டப்போறேன்னு.

உங்கப்பா சிரிச்சாரு. பல நாள் கழிச்சுச் சிரிச்சாரு, அதுவும் என்னைப் பார்த்து. இது உன் வேன் இல்ல, கியர் ஒத்துக்காதுன்னாரு. உண்மைதான், சும்மா சொல்லக்கூடாது. வேன்ல கிளட்சை மிதிச்சோமா கியரைப் போட்டோமான்னு போயிடலாம். இந்தப் பாவிக்கு ஒரு தடவை மிதிச்சு நடுவுக்குக் கொண்டு வந்து விட்டு, மறுபடி மிதிச்சுத்தான் அடுத்த கியர் போடணும், கியரைக் குறைக்கும்போது நடுவுல ஆக்சிலேட்டரை ஒரு தட்டு வேற தட்டணும். இல்லன்னா கரகரன்னு ஒரு சத்தம் போடும், தெருவே எட்டிப் பார்க்கும். கிடங்குக்குப் பின்னால இருக்கிற காலி மைதானத்துலதான் பழகினேன். முதல் நாள் நான் போட்ட கரகரப்புக்கு அப்பா பக்கத்து சீட்டுல நெஞ்சைப் பிடிச்சுகிட்டாரு, எனக்குப் பயந்துபோச்சு, கேட்டா கியர்பாக்ஸுக்காகப் பிடிச்சாராம். ஆனா ஒண்ணு சொல்றேன், அவருக்கு மீட்டர் முள் தெரியாது, தெரியவும் வேணாம், காதுலயே வண்டி ஓட்டறாரு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுகிட்டே இப்பப் போடுன்னு சொல்லுவாரு, நான் போடுவேன், வெண்ணெய் மாதிரி விழும். அவர் சொல்றதுக்கு முன்னால போட்டா கரகரதான். நாலஞ்சு நாள்ல எனக்கும் காது வந்துடுச்சு. ஒரு நாள் அவர் சொல்லாம நானே போட்டேன், சத்தமே இல்ல. ஒரு வார்த்தை பாராட்டல, ஹும்னாரு. அவர் ஹும்முக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்.

பிரேக்ல காத்து புகுந்திருந்துச்சு, அதை எடுக்க ரெண்டு ஆள் வேணும்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னென்ன வண்டியோ வாங்கியாச்சு, எல்லாத்துலயும் நான் மேல உக்காந்து மிதிப்பேன், அவர் கீழ படுத்துகிட்டு அமுக்கு, பிடி, விடாதே, ஐயோ விட்டுட்டியேன்னு கத்துவாரு. இந்தத் தடவை நான் கீழ படுத்தேன். அவர் மேல. நான் கத்தினேன் பாரு கத்து, இத்தனை வருஷத்து அமுக்கையும் சேர்த்து வச்சுக் கத்தினேன். மூஞ்சியெல்லாம் பிரேக் ஆயில், அதைப் பத்திப் பேச வேணாம். ஆனா கார்புரேட்டரை மட்டும் என்னைத் தொட விடல. கண்ணை மூடிகிட்டே கழட்டி, துடைச்சு, விரலாலயே தடவிப் பார்த்து மாட்டினாரு. எனக்கு இனிமே எதுக்குன்னு கேட்டாரே, இதுக்குத்தான்யான்னு சொன்னேன். அந்த ஸ்க்ரூடிரைவரை எடுன்னாரு.

போன வாரம் மறு சோதனைக்கு நானே ஓட்டிகிட்டுப் போனேன். இன்ஸ்பெக்டர் டிரைவர் யாருன்னு அப்பாவைக் கேட்டாரு, அப்பா கட்டை விரலை என் பக்கம் காட்டினாரு. பிரேக் லைட் எரிஞ்சுது, ஹெட்லைட் எரிஞ்சுது, அவர் அடிக்கச் சொல்லாமலேயே ஹாரன்கூட அடிச்சேன். சீல் குத்திக் கொடுத்துட்டாரு. திரும்பும்போது நேரா வீட்டுக்கு வராம ஏரிக்கரை ரோட்டுல விட்டேன், முன் கண்ணாடியை மடிச்சுப் படுக்க வச்சுட்டேன். கொஞ்ச தூரம் போனதும் அப்பா பேச ஆரம்பிச்சாரு. கொடியில சிவப்புத் துணி காயுதுங்கிறாரு. வாத்துக் கூட்டம்டி, எத்தனை இருக்குங்கிறாரு. ஒருத்தன் மிதிவண்டியைத் தள்ளிகிட்டே போறான், பங்க்சர் போலங்கிறாரு. எனக்கு முதல்ல புரியல. அப்புறம் புரிஞ்சுது. நடுவுலதானே கறை, ஓரத்துல பார்வை இருக்கே, இந்த வண்டியில ஓரத்துல கதவும் இல்ல, கம்பியும் இல்ல, கண்ணாடியும் இல்ல, உலகம் அப்படியே பக்கத்துல ஓடுது. டாக்டர்கிட்ட டாக்ஸியில போனோமே, அதுல ஏறினதும் கண்ணை மூடினவரு இறங்கும்போதுதான் திறந்தாரு. இப்ப சொல்லு, உன் கதவு வச்ச ஏசி காரை வாங்கி அவரை எங்கடா உக்கார வைக்கிறது?

அதனால ஹோட்டல்காரருக்கு நீயே போன் பண்ணிப் பணிவா இல்லன்னு சொல்லிடு, வாக்கு கொடுத்தது நீ, திருப்பி வாங்க வேண்டியதும் நீதான். அடுத்த மாசம் அப்பா மாதிரி பழைய வண்டி வச்சிருக்கிறவங்க எல்லாம் சேர்ந்து மலை மேல அணைக்கட்டு வரைக்கும் போறாங்க. அப்பா தன் பேரை எடுக்கச் சொல்லியிருந்தாராம், நான் மறுபடி சேர்க்கச் சொல்லிட்டேன், டிரைவர்னு என் பேரைப் போட்டிருக்காங்க. மலைப்பாதை, எனக்கும் பயம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா போறேன். பின் சீட்டு காலியாத்தான் இருக்கு, லீவு கிடைச்சா வா, கிடைக்கலன்னா கேட்டு வாங்கு. அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், இந்தக் கண் கோளாறு பிள்ளைங்களுக்கும் வர வாய்ப்பிருக்காம், சிகரெட் குடிச்சா இன்னும் சீக்கிரமாம். நீ விட்டாச்சுன்னு சொன்ன, நம்பறேன், மருமகள்கிட்டயும் கேட்டுப்பேன். போய்க் கண்ணைக் காட்டு, சாக்கு சொல்லாத. மருமகளை வேலை வேலைன்னு அலைய வேணாம், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. வாலுக்குட்டிக்கு ஒரு முத்தம்.

நீ நல்லா இருடா. நோய்நொடி இல்லாம, மனசுல பாரம் இல்லாம, குடும்பத்தோட நூறு வருஷம் இரு. வரும்போது வைப்பருக்கு ரப்பர் கிடைச்சா வாங்கிட்டு வா, அளவு போன்ல சொல்றேன், மறந்துடாத.

இப்படிக்கு, உன்மேல கொஞ்சம் கோபமும் நிறையப் பாசமுமா,
உன் அம்மா

எழுதினது முழுசையும் அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாத்ரூம்ல அழுததை எடுன்னாரு, எடுக்கல. நானும் கையெழுத்துப் போடறேன்னு பேனாவை வாங்கினாரு. கீழ அவ்வளவு இடம் காலியா இருக்கு, தடவித் தடவி, உன் அம்மான்னு நான் எழுதின எழுத்து மேலயே போட்டுட்டாரு. சரியா விழுந்துச்சான்னு கேட்டாரு. அழகா விழுந்திருக்குன்னு சொன்னேன். இந்த நாலு வரியை மட்டும் அவருக்கு வாசிக்கப்போறதில்ல. நீ பார்த்தல்ல, கிளம்பி வா.