செங்கோடன் முன்னால் போகிறான்

வேலம்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள மைதிலிக்கு,

வேல்விழி எழுதிக்கொள்வது. இதை வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். நான் தட்டிக்கொண்டே இருப்பது அங்கே உனக்குத் தெரியுமே என்று கூச்சமாகிவிட்டது. தாளில் என்றால் முடித்த பிறகுதான் நீ பார்ப்பாய்.

போன வாரம் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி தேவலை. "போன்ல நல்லாருக்கேன்னு மட்டுந்தான் சொல்றா கண்ணு. உங்கிட்ட வேற ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டார். என்னிடமும் அதைத்தான் சொல்கிறாய் என்றேன். அங்கே குளிர் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். நம் விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. கதை நடத்தும் தரணீதரன் புத்தகத்தை நேராக என் மடியில் வைத்து, "மேடம்தான் படிச்சுச் சொல்லோணுங்க" என்றான். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் இங்கிலீஷில் அச்சடித்த எதுவும் நம் தலையில்தான் விழும். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். விளையாட்டுப் புத்தகம் என்றதும் டம்ளரைத் திரும்ப எடுத்துக்கொள்ளாத குறை. காயும் இல்லை, கட்டமும் இல்லை, ஆளுக்கொரு வேஷம் போட்டுக் கதை பேசி டைஸ் உருட்டுவதற்குப் புத்தகம் வேறா என்கிறாள்.

நல்ல புத்தகம்தான். சண்டை சீக்கிரம் முடிகிறது, கூட்டல் கழித்தல் குறைவு. ஆனால் விளக்கேந்தி என்ற வேஷத்தை எடுத்துவிட்டார்கள். ஒருவன் விளக்கோடு முன்னால் நடக்க, மற்றவர்கள் அவன் பின்னால் குகைக்குள் போவதெல்லாம் இனி கிடையாது. ஆளுக்கொரு விளக்கு. நம் விளக்கேந்தி செங்கோடனை மாற்றி எழுத அதில் இடமே இல்லை. புதுப் பதிப்புக்குப் போனால் எல்லோரும் புது ஆட்கள், புதுக் கதை.

செங்கோடனை உருவாக்கியது உன் அண்ணன் கந்தவேல். யாராவது வராவிட்டால் அவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் உருட்ட வேண்டும் என்ற நம் வழக்கமும் அவருடையதுதான். தரணி அப்பாவின் நிட்டிங் ஷெட்டில் பார்த்ததை அப்படியே மேலே நாம் விளையாடும் மாடிக்குக் கொண்டுவந்தார். "ஆள் வல்லீன்னா பக்கத்து மெஷின்காரன் சேத்துப் பாத்துக்கோணும். மெஷின் மட்டும் நிக்கவே கூடாதுங்க" என்பார்.

கந்தவேல் அண்ணா பைக்கில் போய்த் திரும்பாமல் போன பிறகு நாம் முதலில் கூடிய ஞாயிறு உனக்கு நினைவிருக்கும். தரணி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பக்கத்து நாற்காலி உன்னுடையது. நீதான் டைஸை எடுத்து, "செங்கோடன் முன்னால போறான்" என்று உருட்டினாய். நீ அங்கே போனதும் ராபின் உன் இடத்துக்கு நகர்ந்தான். அன்றிலிருந்து செங்கோடன் அவன் வாயில் பேசுகிறான்.

முதலில் சிரிப்பாக இருந்தது. தூத்துக்குடிக்காரன் வாயில் கொங்குத் தமிழ் அரைகுறையாக வந்தது. தரணி தலையில் அடித்துக்கொள்வான். பிறகு அரைகுறை போய்விட்டது மைதிலி. உருட்டுவதற்கு முன் டைஸில் ஒட்டிய பஞ்சை அண்ணா ஊதுவாரே, ராபினும் ஊதுகிறான். பேக்கரியில் அவன், "ஏனுங்க, சக்கரை கம்மியா போடுங்க" என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து எங்களுக்குப் பின்னால் அண்ணாவைத் தேடினார். மாடியில் எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிகிறது, அண்ணாவின் காலி நாற்காலியைத் தவிர. யார் துடைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன ஞாயிறு விளையாட்டு முடிந்து இறங்கும்போது கரண்ட் போய்விட்டது. அந்தப் படிக்கட்டில் பகலிலேயே ஒன்றும் தெரியாது. எனக்கு முன்னால் இருட்டிலிருந்து, "பாத்து, பதனமா வாங்க கண்ணு" என்று குரல் வந்தது. செங்கோடன் குகையில் சொல்வது போலவே. அண்ணா சொல்வது போலவே. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கீழே போய்ப் பார்த்தால் ராபின் நூல் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறான். "நான் சொல்லல விழி. வாய் தானாச் சொல்லிட்டு" என்று அழுதான்.

இன்று முடிவெடுக்கக் கூடினோம். புதுப் பதிப்பில் ஒரு சின்னக் குகையை வைத்து ஒத்திகை பார்த்தோம். எல்லோர் கையிலும் விளக்கு. வாசலுக்கு வந்ததும் தரணி, "யாருங்க முன்னால போறது?" என்றான். எல்லோரும் காலி நாற்காலியைப் பார்த்தோம். யாருமே உள்ளே போகவில்லை. தரணி புத்தகத்தை மூடினான்.

மாறிவிடலாம் என்பது தரணியின் கட்சி. "செத்தவங்கள இப்புடி நடக்க வெச்சுட்டே இருந்தா அவுங்களுக்குக் கால் வலிக்காதாடா?" என்று ராபினிடம் கேட்டான். ராபினுக்கு மாற ஆசைதான், பயந்து போயிருக்கிறான். ஆனாலும், "நான் பக்கத்து மெஷின்காரந்தானல. ஓட்டத்தான் எனக்கு உரிமை, நிறுத்த இல்ல. ஓட்டுன்னு குடுத்தவ வந்து சொல்லட்டும்" என்கிறான்.

அப்படிப் பார்த்தால் அது நீதான்.

ஒரு ஞாயிறு வீடியோவில் வா. பழைய பதிப்பில் கடைசியாக ஒரு முறை விளையாடுவோம். செங்கோடன் குகையின் மறுபக்கம் போய்ச் சேரட்டும். அங்கே நீ அவன் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொள். உனக்காக டைஸை நான் உருட்டுகிறேன். அண்ணா போல ஊத மாட்டேன்.

என் கருத்தை இருவரும் கேட்டார்கள். மைதிலிக்கு எழுதுகிறேன் என்று எழுந்துவிட்டேன். என்னைக் கேட்டால் தப்பான பதில்தான் வரும். அந்தப் படிக்கட்டில் நான் சுவரைப் பிடித்தது பயத்தால் மட்டும் இல்லை. இன்னொரு தரம் சொல்லுமா என்று நின்றேன். இன்றைக்கு இறங்கும்போது கரண்ட் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அதனால் நீ சீக்கிரம் வந்து சொல். பதனமாக இரு மைதிலி.

உன்
வேல்விழி